விண்ணில் ஒரு சுயாட்சி

கலியாண வீட்டை நேயர்கள் கவனித்திருப்பார்கள். இன்ன வேளைக்கு இன்ன காரியம் என்று ஜாபிதா போடுபவர் ஒருவர். ஓடியாடி அதை நிறைவேற்றுபவர் மற்றொருவர். பால் திரிந்ததையும் விளக்கு அணைந்ததையும் கண்டு பரிகாரம் சொல்பவர் மூன்றாமவர். இம்மூவரும் ஒத்துழைத்தால் முகூர்த்தம் தவறாது. இத்தகைய மூவரையும் ஒரே யந்திரத்தினுள் அமைத்து வானவெளிக்கு அனுப்பினார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள்.

1998-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி 'டீப் ஸ்பேஸ் 1' என்னும் விண்கலம் புறப்பட்டது. அதனைச் சில தினங்கள் தானாகவே நடத்திப் பார்ப்பதற்கென்று 'நாஸா' ஸ்தாபனத்தார் இயற்றிய மென்பொருளின் பெயர் 'ரிமோட் ஏஜெண்ட்'. திட்டம் வகுப்பது ஒரு பகுதி. நடத்தி வைப்பது ஒரு பகுதி. பழுதை ஊகித்தறிவது 'லிவிங்ஸ்டன்' என்ற மூன்றாம் பகுதி.

1999 மே 17-ந் தேதி பரீட்சை ஆரம்பமாயிற்று. கலம் அப்போது சுமார் 10 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. ஒரு கேள்வி சென்று விடை திரும்பவே பத்து நிமிஷங்களுக்கு மேலாகும். ஆகவே, அடைய வேண்டிய லட்சியங்களை மட்டும் கூறி, வழியை அதனிடமே விட்டார்கள். காமிரா அணைய மறுப்பதாக ஒரு பொய்ப் பழுதைக் காட்டிய போது, அது கலங்காமல் புதுத் திட்டம் வகுத்துக் கொண்டது!

மறுநாள்தான் சோதனை வந்தது. நிறுத்த வேண்டிய வேளையில் அயனி எஞ்சின் நிற்கவில்லை. காரணம் யாது? நடத்தி வைக்கும் பகுதியினுள் இரண்டு வேலைகள், 'நீர் முதலில்', 'இல்லை, நீர்தான் முதலில்' என்று உபசாரம் செய்யும் சம்பந்திகளைப் போல ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிட்டன. இலையில் அன்னம் ஆறிப்போயிற்று! பூமியிலிருந்தவர்கள் பரீட்சையை நிறுத்திச் சில மணி நேரத்தில் பிழையைக் கண்டறிந்தனர். இதே ஜாதிப் பிழையொன்றை 1997-லேயே தர்க்க முறைச் சோதனையால் வேறோரிடத்தில் கண்டு களைந்திருந்தனர் என்பதுதான் விந்தை. மீண்டும் நேர்வது அரிதென்று கணித்து, மென்பொருளைத் திருத்தாமலே மே 21-ந் தேதி மறுபடி ஓட்டினர். எஞ்சிய லட்சியங்கள் யாவும் நிறைவேறின.

அந்த யந்திரத்தின் யோசனையில் குற்றமில்லை, திட்டத்திலும் குற்றமில்லை. கூடி வேலை செய்வதிலேதான் இடறிற்று. சுயாட்சியின் கஷ்டமும் அதுதான் என்பதை நாம் அறியோமா?