ஏலத்தில் போனது எவ்வளவு? கையில் நின்றது எவ்வளவு?



"இளம் விளையாட்டு வீரர்களின் சம்பளம் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றுமா, காப்பாற்றாதா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் காப்பாற்றும் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "இருபது வயசுப் பையன், ஒரே ராத்திரியில கோடீஸ்வரன், அப்புறம் என்னய்யா கவலை?"ன்னு கேட்டாங்க. நீங்களும் கை தட்டினீங்க.

இந்தக் கேள்வியை வேற ஊர்ல கேட்டிருந்தா நான் கொஞ்சம் திணறியிருப்பேன். போடியில் வந்து கேட்டாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்கிட்டாங்க. (சிரிப்பு) ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று செடியில் காய்ப்பது. அது நம்ம சொல். இன்னொன்று கூவி விற்பது. அது போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது என்பார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். இந்த இரண்டும் கைகோத்து நிற்கிற ஊர் போடி. ஏலத்தையே ஏலம் போடுகிற ஊர் ஐயா இது! (கைதட்டல்) ஏலத்தில் கேட்கிற விலைக்கும் வீட்டுக்கு வந்து சேர்கிற காசுக்கும் எவ்வளவு தூரம் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

2019 ஆகஸ்ட் 3. நம்ம மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள்ளே இருக்கிற புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரைக்கும் யாரும் கண்டிராத விலை. வெளியூர்க்காரன் என்ன நினைச்சான்? போடியில எல்லாரும் பணத்தை மரக்கால்ல அளக்கிறாங்கன்னு நினைச்சான். உங்களுக்குத் தெரியும், அது அன்றைய உச்ச விலை. அன்றைக்குச் சராசரி விலை அதற்கு வெகு கீழே. விலை ஏன் ஏறியது? 2018-ல் வெள்ளம் வந்து தோட்டத்தை அடிச்சது, அடுத்த வருஷம் மழை ஏமாத்திச்சு, செடி பட்டுப் போச்சு. விலை இருந்தப்போ காய் இல்லை. காய் வந்தப்போ விலை இல்லை. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது.

அதோடு முடிஞ்சுதா? நாலஞ்சு கிலோ பச்சைக் காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ. செடி காய்க்கவே இரண்டு மூன்று வருஷம். அதற்கு உரம், மருந்தடி, காய் எடுக்கிற பெண்களுக்குக் கூலி, போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் ஜீப்புக்கு வாடகை, உலர்த்துகிற செலவு. இத்தனையும் போக மிச்சம்தான் விவசாயிக்கு. ஏலக்காய்க்கு இந்தக் கணக்குப் போடத் தெரிந்த நாம், ஐ.பி.எல். ஏலத்தில் போகிற பையனுக்கு மட்டும் ஏன் ஐயா போட மறந்துவிடுகிறோம்? வாங்க, போட்டுப் பார்ப்போம். மூன்றே மூன்று கேள்வி.

முதல் கேள்வி: பச்சைக் காய் எவ்வளவு, காய்ந்த காய் எவ்வளவு?

2025 ஐ.பி.எல். பெரிய ஏலத்தில் குறைந்தபட்ச அடிப்படை விலை 30 லட்சம் ரூபாய். நம்ம ஊர்ப் பையன் ஒருவன் அந்த விலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மாசச் சம்பளம் இல்லை, ஒரு சீசனுக்கான சம்பளம். புதிய வரி முறையில் 30 லட்சத்துக்கு வருமான வரி கிட்டத்தட்ட 5 லட்சம். மிச்சம் 25. கோடிக்கணக்கில் வாங்குகிறவருக்கு இன்னும் கடுமை. 2 கோடியைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 39 ரூபாய் அரசாங்கத்துக்கு.

நம்ம பையனின் 25 லட்சத்துக்கு வருவோம். ஏஜென்ட் பங்கு, தனிப் பயிற்சியாளர், பிசியோ, மட்டை, சாப்பாடு எதையுமே நான் கழிக்கவில்லை. தாராளமாக மூன்று வருஷம் அணியில் இருந்தான் என்று வைப்போம். 75 லட்சம். இருபத்திநாலு வயசில் அணி விட்டுவிடுகிறது. அறுபது வயசு வரை முப்பத்தாறு வருஷம், அதாவது 432 மாசம். 75 லட்சத்தை 432-ஆல் வகுத்துப் பாருங்க. மாசம் 17,000 ரூபாய்ச் சொச்சம்! தமிழ்நாடு அரசில் ஓர் இளநிலை உதவியாளருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 19,500. அதற்கு மேல் பஞ்சப்படி, வருஷா வருஷம் ஊதிய உயர்வு. 'லட்சாதிபதி' என்று நாம் ஃபிளக்ஸ் வைத்த பையன், ஆபீசில் ஃபைல் கட்டுகிற தம்பிக்குக் கீழே நிற்கிறான். (கைதட்டல்)

"பேங்க்ல போட்டா வட்டி வருமே" என்பார்கள் எதிரணியில். வரும் அம்மா, போட்டால் வரும். விலைவாசியும் கூடவே ஏறி வரும். "2025-லிருந்து ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாக 7.5 லட்சம் தர்றாங்களே" என்பார்கள். உண்மை, நல்ல ஏற்பாடு. ஆனால் அது களத்தில் இறங்கியவனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் தூக்குகிறவனுக்கு இல்லை.

இரண்டாவது கேள்வி: இந்த விலை எத்தனை வருஷம் நிற்கும்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழ்மையான குடும்பம், டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய கை. 2017-ல் 10 லட்ச அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த வருஷம் என்ன விலை தெரியுமா? 40 லட்சம். ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. 7,000 ரூபாய் ஏலக்காய் ஆயிரத்துக்கு இறங்கிய அதே கதை! அதற்குப் பிறகும் இரண்டு சீசன் ஓர் ஆட்டம் கூட ஆடாமல் காத்திருந்தார். 2020-ல்தான் வாய்ப்பு. அந்தச் சுற்றுப்பயணத்திலேயே ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார். அப்புறம் முழங்கால் அறுவை சிகிச்சை. 2025 சீசனுக்கான ஏலத்தில் 10.75 கோடி. ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். அந்த இறக்கத்தில் விழுந்து எழுந்திருக்காதவர்கள் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கபடிக்கு வாங்க. 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசனே போச்சு. அவர் பெரிய ஆட்டக்காரர், அடுத்த வருஷம் வேறு அணி அதைவிட அதிகம் கொடுத்து எடுத்தது. அதே அடி, பேர் தெரியாத பத்தொன்பது வயசுப் பையனுக்குப் பட்டிருந்தால்? காய்க்கிற வருஷத்தில் செடி சாய்ந்த மாதிரிதானே?

மூன்றாவது கேள்வி: எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

ஐ.பி.எல்.லில் 10 அணிகள். அணிக்கு அதிகபட்சம் 25 பேர். அதில் வெளிநாட்டவர் 8 பேர் வரை வரலாம். அப்படி வந்தால் இந்தியர்களுக்கு மிஞ்சுவது 170 இடம். நூற்று நாற்பது கோடி ஜனத்துக்கு நூற்று எழுபது நாற்காலி! அதற்குக் கீழே ரஞ்சிக் கோப்பை. 38 அணிகள். 2021-ல் நிர்ணயித்தபடி புது ஆட்டக்காரருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாய். நாலு நாள் ஆட்டத்துக்கு 1.6 லட்சம். ஏழு லீக் ஆட்டமும் ஆடினால் 11 லட்சத்துச் சொச்சம். நல்ல பணம்தான். ஆனால் பதினொருவரில் ஒருவராக இருக்க வேண்டும். வெளியே உட்கார்ந்தால் பாதி. அணியிலேயே எடுக்கவில்லை என்றால் பூஜ்யம். ஒரு வேலைக்கு இரண்டு மாச நோட்டீஸ் உண்டு. ஆட்டக்காரனுக்கு ஏது ஐயா நோட்டீஸ்?

"சிக்கனமா இருந்தா எல்லாம் நிக்கும்" என்கிறார் எதிரணித் தம்பி. தம்பிக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கிறேன். (சிரிப்பு) பையன் 30 லட்சத்துக்குப் போனான்னு டிவியில வந்த மறுநாள் காலையில வாசல்ல யார் நிக்கிறா? பத்து வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா. "ஏப்பா, உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்டா நான்!" திருவிழாக் கமிட்டி ரசீதுப் புத்தகத்தோட வருது. மாமா ஒருத்தர் ஃபைனான்ஸ் தொழில் ஆரம்பிக்கலாம்கிறார். கார் வாங்கலைன்னா கேவலம், வீடு கட்டலைன்னா கேவலம். இருபத்தொரு வயசுப் பையன் யாரிடம் ஐயா 'இல்லை' என்று சொல்லுவான்?

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் கோடிக்கணக்கான டாலர் சம்பாதித்தவர், 2003-ல் திவால் மனு கொடுத்தார். அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றி 2015-ல் பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1996 முதல் 2003 வரை அணிகளுக்குத் தேர்வானவர்களில், ஓய்வு பெற்ற பன்னிரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்குப் பதினாறு பேர் வரை திவால். இதில் முக்கியமான செய்தி எது தெரியுமா? அதிகம் சம்பாதித்தவர், அதிக வருஷம் ஆடினவர் என்பதால் அந்த ஆபத்து குறையவில்லை. அப்படியானால் குறை சம்பளத்தின் அளவில் இல்லை. சின்ன வயசில் மொத்தமாக வந்து, சட்டென்று நின்றுபோகிற அந்தப் பணத்தின் சுபாவத்தில் இருக்கிறது.

வள்ளுவர் இதைத் தொட்டிருக்கிறார். வருகிற வழி குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை, போகிற வழி அகலமாகாமல் இருந்தால் போதும் என்கிறார். இதை எந்த அதிகாரத்தில் வைத்தார்? வலியறிதலில்! தன் பலம் என்ன, அது எத்தனை நாள் நிற்கும் என்று அறிவதில் வரவு செலவும் சேர்த்தி. ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

அப்படியானால் பிள்ளைகளை விளையாட விடாதே என்கிறேனா? ஒருநாளும் இல்லை! விளையாடட்டும். ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, காய் எடுக்கப் போகிற அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து, அகாடமியில் சேர்க்காதீர்கள். பட்டத்தை முடிக்கட்டும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. மாவட்ட அளவில், மாநில அளவில் வாங்குகிற சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். ஆட்டம் நின்ற பிறகும் சோறு போடுவது அதுதான். ஏலத்தில் பணம் வந்தால், முதலில் வரியை எடுத்து வையுங்கள். அடுத்து, தொட முடியாத இடத்தில் பாதியைப் போடுங்கள். மிச்சத்தில்தான் பெரியப்பா!

நடராஜன் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023-ல் திறந்தார்கள். பணத்தை நிற்கிற பொருளாக மாற்றியதற்கு அது சாட்சி. மலையில் நல்ல விலை கிடைத்த வருஷம், புத்திசாலி என்ன செய்கிறார்? புதுச் செடி நடுகிறார், தண்ணீருக்கு வழி பண்ணுகிறார். அடுத்த வருஷமும் ஏழாயிரம் விற்கும் என்று நம்பிக் கடன் வாங்குவதில்லை.

எனவே நடுவர் அவர்களே, சம்பளம் காப்பாற்றாது. சம்பளத்தை அந்தப் பிள்ளையும் குடும்பமும் காப்பாற்றினால்தான், அது அவர்களைக் காப்பாற்றும். ஏலத்தில் கேட்ட விலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; காய்ந்து, தரம் பிரித்து, கூலி கழித்துக் கையில் நின்றதை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)