தேர் உடுத்தும் ஒட்டுத்துணி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைக் கடந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் கடப்பாக்கம் வருகிறது. ஊருக்குக் கிழக்கே கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சிதைந்து நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்காலத்தில் எழுந்து, 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. அதன் படகுத்துறையிலிருந்து உப்பும் நெய்யும் மட்டுமன்றிச் சரிகைத் துணியும் கப்பலேறியது என்பதைக் கோட்டையைப் பார்க்க வருவோரில் பலர் அறியார். சற்று வடக்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டி அமர்ந்ததும் துணிக்காகத்தான்.

சோழமண்டலக் கடற்கரையின் சீட்டித் துணிக்கு அந்நாளில் ஐரோப்பாவில் இருந்த மோகம் சொல்லி முடியாதது. கிழிந்த சீட்டியைக்கூட அவர்கள் எறியவில்லை. நறுக்கி, ஒட்டுப்போட்டு, போர்வையாக்கிக் கொண்டார்கள். இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் 1708ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்ட ஒட்டுத்துணிப் படுக்கை விரிப்பு ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. அந்நாட்டின் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளுள் ஒன்றாகப் போற்றப்படும் அதன் துண்டுகள் இந்தியச் சீட்டியே. மேல்நாட்டில் இன்று ஒட்டுத்துணி வேலைக்கென்றே தனிக் கடைகள் உள்ளன. நம் நாட்டில் அந்தக் கலை குடிகொண்ட இடம் வேறு. அது கோயில் தேரின் மேல் ஏறி அமர்ந்துவிட்டது.

துண்டுகளை இணைத்துத் தைப்பது ஏழ்மையின் அடையாளமாகவும் துறவின் அடையாளமாகவும் ஒருசேர நம் நூல்களில் வருகிறது. பஜகோவிந்தத்தில், தெருவில் கிடந்த கந்தைகளை இணைத்து உடுத்த யோகி பேசப்படுகிறார். பொருநராற்றுப்படையில், வேறு நூல் நுழைந்து தைத்த கந்தையோடு வந்த பொருநனுக்குக் கரிகாலன் நல்லாடை அளிக்கிறான். கடப்பாக்கம் அடங்கிய இடைக்கழிநாட்டில் பிறந்த நல்லூர் நத்தத்தனாரும் தம் சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணனுக்கு உடுத்தத் தரும் மாசற்ற ஆடையைச் சிறப்பித்திருக்கிறார். சிலப்பதிகாரத்தின் புகார் நகரத் தெருவிலோ, தையற்காரரான துன்னகாரரோடு, துணித் துண்டாலும் நெட்டியாலும் பூவும் பொம்மையும் செய்யும் கைவினைஞரும் இருக்கிறார்கள். இன்று தேருக்குத் தொம்பை தைப்பவர் அந்தத் தெருவின் வாரிசு என்று கொள்வதில் பிழையில்லை.

தொம்பையைப் பார்த்திராத பக்தர் இரார். பெயர் அறியாதவர் இருக்கக்கூடும். தேரின் நான்கு புறத்திலும், சப்பரத்தின் மூலைகளிலும், விழாப் பந்தலிலும் உருளை வடிவில், அடுக்கடுக்கான தொங்கல்களோடு ஆடிக்கொண்டிருப்பதே தொம்பை. சுவாமியின் தலைக்குமேல் விரிக்கப்படும் மேற்கட்டிக்கு அஸ்மானகிரி என்று பெயர். பாரசீகத்தில் ‘ஆஸ்மான்’ என்றால் வானம். இறைவனுக்கு மேலே இன்னொரு வானத்தைத் துணியால் கட்டிவிடுகிறார்கள். வாயிலின் குறுக்கே தொங்குவது தோரணம். இவற்றுக்குத் தஞ்சையும் கும்பகோணமும் பேர்பெற்றவை. சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு என்னும் சில நிறங்களுக்குள்ளேயே யாளி, அன்னம், கிளி, தாமரை, மகரம் எல்லாம் பிறந்துவிடுகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாகத் துண்டு வைத்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கும் வேலை இது.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்கிறார்கள். மரத்தேரின் உயரம் அதில் ஒரு பகுதியே. எஞ்சிய பெரும்பகுதி மூங்கிலும் கயிறும் துணியும். பக்தர் கண்ணுக்குத் தேராகத் தெரிவதில் பாதிக்குமேல் தையற்காரர் கைவேலைதான் என்றால் மிகையன்று.

தேரைப் பற்றிப் பேசுகையில் இவ்வட்டாரத்தில் அச்சிறுபாக்கத்தை விட்டுவிட முடியாது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரில் பூமியே தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், பிரமன் சாரதி. விநாயகரை எண்ணாமல் புறப்பட்டதால் அச்சு முறிந்தது. அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் என்பது தலபுராணம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. தேர் வேலை எதுவாயினும், ஒரு முழம் துணி வெட்டுவதாயினும், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தொடங்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

இத்தகைய துணி வேலைக்கு ஒரு சிறு கடை நடத்துவதில் என்னென்ன அடங்கியுள்ளது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. நான்கு அலமாரியும் ஒரு தையல் இயந்திரமும் போதும் என்று தோன்றும். முதலில் கத்தரிக்கோல் படுவது துணியின் மேலன்று, காகிதத்தின் மேல். தடித்த காகிதத்தை நாலாக மடித்து வெட்டினால் தாமரையின் எல்லா இதழும் ஒத்து வரும். அந்த அச்சுக் காகிதக் கட்டுத்தான் கடையின் உண்மையான முதல். துணி தீர்ந்தால் வாங்கலாம். தலைமுறையாக வந்த யாளி அச்சு தொலைந்தால் வாங்க இடமில்லை.

அடுத்தது அளவு. கடைக்கு வரும் பருத்தித் துணியின் அகலம் பெரும்பாலும் 44 அங்குலம். ஓரடிக் குறுக்களவுள்ள தொம்பைக்குச் சுற்றளவு 38 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. தையலுக்கு ஓரங்குலம் விட்டாலும் ஐந்தங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். தேர்ந்த கடைக்காரர் அந்தப் பட்டையில்தான் இதழ்களையும் கிளிகளையும் வெட்டுகிறார். அதை மூலையில் எறிபவர் எவ்வளவு விற்றாலும் கையில் காசு நிற்பதில்லை. மீட்டர் 80 ரூபாய்க்கு வாங்கிய துணியில் பத்தில் ஒரு பங்கு வீணானால், பயன்பட்ட துணியின் அடக்க விலை ஏறக்குறைய 89 ரூபாயாகிவிடும். இந்த ஒன்பது ரூபாயை விலையில் சேர்க்க மறந்து கடையை மூடியவர்கள் எத்தனையோ பேர்.

மூன்றாவது சாயம். சிவப்புத் துணியைத் தைப்பதற்குமுன் நீரில் அலசி உலர்த்தியாக வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். போகிற சாயமும் போய்விடும். இந்த ஒரு நாள் வேலையை மிச்சம் பிடித்தால், சித்திரைக் கோடைமழையில் தேர் நனையும்போது வெள்ளை அன்னத்தின் கழுத்தில் சிவப்பு வழியும். சாயம் போவதையே பெருமையாக்கி விற்ற வேடிக்கையும் உலகில் நடந்திருக்கிறது. சென்னையின் கட்டம் போட்ட கைத்தறித் துணி 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வெளுத்துப் புகார்கள் கிளம்பியபோது, ‘உறுதியாகச் சாயம் போகும்’ என்றே விளம்பரம் செய்து அதை விற்றுத் தீர்த்தார்கள். சுவாமி காரியத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

கடற்கரை ஊரில் கடை வைப்போர்க்கு உப்புக்காற்று தனித் தொல்லை. குண்டூசியைத் துணியில் குத்தி இரண்டு நாள் மறந்தால் துருக்கறை படிந்துவிடும். அது எந்த வெளுப்பிலும் போகாது. தொம்பையின் வாய்வளையத்துக்கு இரும்புக் கம்பியைக் காட்டிலும் பிரம்போ மூங்கிலோ இங்கே நீடிக்கிறது. மழைக்காலத்தில் துணிக்கட்டைத் தரையில் வைக்கலாகாது. வேப்பிலையும் வசம்பும் இட்டால் பூச்சி அண்டாது. எலிக்கு மட்டும் மருந்தில்லை. விநாயகர் வாகனமாயிற்றே என்று பொறுக்கவும் முடிவதில்லை.

பணத்தின் ஓட்டம் துணியின் ஓட்டத்தைவிடக் கடினமானது. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்திரைத் தேர், வைகாசி விசாகம் என ஐந்து மாதம் வேலை குவியும். ஆடியில் அம்மன் கோயில்களால் மீண்டும் ஒரு சுற்று. நவராத்திரி கழிந்தபின் ஐப்பசி, கார்த்திகை மழையில் கடை வெறிச்சோடும். ஆனால் துணி வாங்க வேண்டியதோ மார்கழியில், கைப்பணம் தீர்ந்திருக்கும் வேளையில். விழா முடிந்தபின் கணக்குப் பார்த்துத் தருவதாகச் சொல்வது பல ஊர்களிலும் வழக்கம். வசூல் முடிந்து, கணக்கு ஒப்பாகி, பணம் வருவதற்குள் அடுத்த விழா வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் கடைக்காரர் கந்துவட்டியில் விழுகிறார். 2015 ஏப்ரலில் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசுக் கடனுக்கு ஈடு கேட்கப்படுவதில்லை. ஓர் ஆண்டின் துணிக்கு அது ஓரளவு போதும். ஆனால் மார்கழியில் வாங்கிய கடனை வைகாசிக்குள் அடைக்காமல், இலாபமென்று எண்ணி வீட்டுச் செலவில் கரைத்துவிட்டால், மறு மார்கழியில் வங்கியின் படியேற முடியாது. விழாக்குழுவினர் பாதித் தொகையை முன்பணமாகத் தந்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி இல்லை. தெய்வத்துக்குத் தைப்பவரிடம் கடன் சொல்வது பக்தியின் கணக்கில் எந்தப் பக்கம் எழுதத் தகும்?

இப்போது புதிய போட்டி ஒன்று வந்துள்ளது. யாளியையும் அன்னத்தையும் செயற்கை இழைத் துணியிலும் பிளாஸ்டிக் தாளிலும் அச்சடித்து, பார்வைக்குத் தொம்பை போலவே தருகிறார்கள். விலை குறைவு, ஒரே நாளில் கிடைக்கும். அச்சுத் துணி தட்டையாகக் கிடக்கும். துண்டின்மேல் துண்டு தைத்த பருத்தியோ காற்றில் கனத்து ஆடும். அழகைவிடப் பெரிய வேறுபாடு நெருப்பில் இருக்கிறது. பருத்தியும் எரியும், ஆனால் செயற்கை இழை உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கற்பூர ஆரத்தியும் தீவட்டியும் சூழ வரும் தேரில் இது சிறிய செய்தியன்று. திருவாரூர் ஆழித்தேரே 1926இல் தீக்கு இரையானதுதான்.

உயரமும் அப்படியே. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். அந்த விடியலுக்குப் பின், தேர் அலங்காரத்துக்குத் துணி கேட்டு வருவோரிடம் வீதியின் அகலத்தையும் கம்பியின் உயரத்தையும் கேட்காமல் அளவெடுப்பது முறையாகாது. இரண்டடி கூட்டித் தையுங்கள், பக்கத்து ஊர்த் தேரைவிட உயரமாகத் தெரியட்டும் என்று கேட்பவரிடம் மறுத்துச் சொல்லும் துணிவும் கடைக்காரருக்கு வேண்டும். ஒரு வாடிக்கை போனால் போகட்டும்.

ஒடிசாவில் புவனேசுவரத்துக்கும் புரிக்கும் இடையிலுள்ள பிப்லி என்னும் சிற்றூர் இதே கலையால் வாழ்கிறது. ஜகந்நாதரின் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்குச் சிவப்பும் கறுப்பும் என நிறம் வகுத்து, ஆண்டுதோறும் புதுத்தேருக்குப் புதுத்துணி தைக்கிறார்கள். பிப்லியின் ஒட்டுத்துணி வேலை புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்கே தேர்த்துணி போக, எஞ்சிய மாதங்களில் விளக்கு மறைப்பும் பையும் குடையும் தைத்துச் சாலையோரக் கடைகளில் விற்கிறார்கள். தொம்பை தைப்போர்க்கு ஐப்பசி மழையைக் கடக்க அதில் ஒரு வழி தெரிகிறது. கொலுப்படிக்கு விரிப்பு, பூஜையறைக்குத் தோரணம், சுலோகப் புத்தகத்துக்கு உறை என வீட்டுக்கு வேண்டியவை ஏராளம்.

அவற்றுக்குத் துணி தேடி எங்கும் போக வேண்டியதில்லை என்பதுதான் வியப்பு. மேல்நாட்டு ஒட்டுத்துணிக் கடைகளில் ஒரு கெஜத்தின் கால்பகுதியை 18 அங்குலத்துக்கு 22 அங்குலமாக நறுக்கி, மடித்து, அடுக்கி விற்கிறார்கள். ஏறத்தாழ அத்தகைய துண்டுகள் நம் வீட்டு அலமாரிகளில் விலையின்றிக் குவிந்துள்ளன; வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கைத் துண்டுகள் அவை. ஒரு வீட்டில் வாங்கியது மறு வீட்டுக்குப் போய், சில வேளை கொடுத்தவருக்கே திரும்பியும் வந்துவிடுவதைச் சுமங்கலிகள் அறிவர். நவராத்திரிக்கு வந்த பத்துத் துண்டைக் கடையில் கொடுத்தால் அம்மன் சந்நிதிக்கு ஒரு தோரணம் ஆகும். செயற்கை இழைத் துண்டுகளை மட்டும் முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். விளக்கருகே அவை கூடா.

பாட்டிமார் பழம்புடவைகளை அடுக்கிக் கையால் ஓடுதையல் இட்டுப் பேரக்குழந்தைக்கு விரிப்பு செய்ததும் இந்தக் கலையே. வங்கத்தில் அதைக் காந்தா என்றும் கன்னடத்தில் கௌதி என்றும் அழைக்கின்றனர். தேவதாசி முறையிலிருந்து மீண்ட 3,000 பெண்கள் ஆளுக்கொரு தையலிட்டுத் தமக்குப் பரிசளித்த விரிப்பைப் பற்றிச் சுதா மூர்த்தி எழுதியிருக்கிறார். வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆன பருத்தி குழந்தையின் தோலை உறுத்தாது. புதுத்துணியால் அது ஆகாத காரியம்.

தேர்த்துணியின் ஆயுள், தைத்தவர் கையில் பாதி, மடிப்பவர் கையில் பாதி. தேர் நிலைக்கு வந்த அன்றிரவு, எல்லோரும் களைத்திருக்கையில், வியர்வையும் பனியும் எண்ணெயும் படிந்த தொம்பைகளை அப்படியே சுருட்டி இருட்டறையில் எறிந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு பிரிக்கும்போது மடிப்புதோறும் பூஞ்சை பூத்திருக்கும். சில ஊர்களில் முதியோர் நாலைந்து பேர் மறுநாள் காலையில் மண்டபத்துக்கு வந்து, தொம்பைகளைக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நிழலில் இரண்டு நாள் ஆறவைத்து, பிரிந்த தையலுள்ளவற்றைத் தனியே ஒதுக்கி, வெள்ளைக் காடாத்துணியில் மூட்டையாகக் கட்டி, ஆண்டையும் விழாவையும் எழுதிய சீட்டை அதில் செருகி வைக்கிறார்கள். ஒதுக்கியவை அன்று மாலையே கடைக்குப் போகின்றன.