நீர் மோட்டாரில் ஒரு வெற்றிடக் கருவி

நன்னிலம் போன்ற டெல்டா ஊர்களில் வயல்களில் உள்ள ஃபில்டர் பாயிண்டைப் பார்க்காத மாணவர் குறைவு. கோடையில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால், குழி வெட்டி மோட்டாரைக் கீழே இறக்கி வைப்பார்கள். ஏன் என்று வகுப்பில் கேட்டால், "மோட்டாருக்கு இழுக்கச் சக்தி போதவில்லை" என்ற விடையே பெரும்பாலும் வரும்.

மோட்டார் நீரை இழுப்பதில்லை. குழாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியிலுள்ள வளிமண்டலமே நீரை மேலே தள்ளுகிறது. முழு வெற்றிடம் இருந்தாலும் நீர் 10.3 மீட்டருக்கு மேல் ஏறாது. இதைக் கண்முன் காட்ட, பள்ளியிலேயே ஒரு வெற்றிடக் கருவி அமைக்கலாம்.

அமைப்பு

அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார், 50 லிட்டர் தொட்டி, ஓர் எஜெக்டர் ஆகியவை தேவை. எஜெக்டர் என்பது ஜெட் பம்புகளில் கிணற்றுக்குள் இறங்கும் உறுப்பு. நமக்கு அதன் சிறிய வடிவம் போதும்: 5 மி.மீ. துளையுள்ள முனை, அதற்கு எதிரே 8 மி.மீ. குறுகிய குழாய், பிறகு மெல்ல விரியும் குழாய். மோட்டார் தொட்டி நீரை முனைவழி பாய்ச்ச, அது மீண்டும் தொட்டிக்கே திரும்பும். முனையைச் சுற்றியுள்ள அறையிலிருந்து ஒரு குழாய் குடுவைக்குச் செல்லும். நடுவில் ஒருவழி வால்வும் வெற்றிட அளவியும் இருக்கட்டும்.

எவ்வாறு இயங்குகிறது?

20 மீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில் முனையிலிருந்து நீர் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் பாயும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். இது பெர்னூலி தத்துவம். பாயும் நீர் அருகிலுள்ள காற்றையும் குமிழ்களாக வாரிச் செல்கிறது.

எங்கே நிற்கும்?

வெற்றிடத்தின் எல்லையை நிர்ணயிப்பது மோட்டாரின் திறன் மட்டுமல்ல, தொட்டி நீரின் வெப்பநிலையும்தான். 30°செ. நீரின் ஆவி அழுத்தம் சுமார் 32 மி.மீ. பாதரசம், 40°செ. நீருக்கு 55. நீரே ஆவியாகத் தொடங்குவதால், அளவி அதற்குக் கீழே இறங்காது. மோட்டார் ஓட ஓட நீர் சூடாகி வெற்றிடம் கெடும். அவ்வப்போது நீரை மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு

வெற்றிடக் குடுவையின் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் வெளிக்காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்தும். ஆகவே தடித்த வடிகுடுவையையே பயன்படுத்துங்கள். சாதாரண பாட்டில் உள்நோக்கி உடையலாம். குடுவையைத் துணியால் சுற்றி, கண்ணாடிக் கவசம் அணிந்தே செய்யவும். நில இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம். மோட்டாரை ஆசிரியரே இயக்க வேண்டும். நிறுத்தும் முன் குடுவைக்குள் காற்றை விடாவிட்டால், தொட்டி நீர் குடுவைக்குள் ஏறிவிடும்.

வகுப்பறையில்

குடுவையில் சிறிது காற்றூதிய பலூனை வையுங்கள்; பெரிதாகும். பிறகு 50°செ. வெந்நீரை வையுங்கள், அடுப்பின்றிக் கொதிக்கும். கடைசியாகத் தொட்டியில் பனிக்கட்டி போட்டால் அளவி என்ன காட்டும் என்று கேளுங்கள். விடையை மாணவர்கள் முதலில் எழுதட்டும். பிறகு மோட்டாரை இயக்குங்கள்.