அறம் கூறாத அறக்கதை: கிரிம் சகோதரர்களின் ‘முதிய தாத்தாவும் பேரனும்’

சிறார் அறக்கதைகள் பலவும் நீதியை இறுதியில் தனித்தொடராக உரைக்கின்றன. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மானியக் கதைத்தொகுப்பில் உள்ள ‘முதிய தாத்தாவும் பேரனும்’ என்னும் கதை இதற்கு விலக்காகும்.

கைந்நடுக்கத்தால் உணவைச் சிந்தும் முதியவரை மகனும் மருமகளும் கணப்படுப்பின் பின்புறம் மூலையில் அமர்த்துகின்றனர். மண்கலம் உடைந்தபின் மலிவான மரக்கிண்ணத்தில் உணவிடுகின்றனர். நான்கு வயதுப் பேரன் பலகைத்துண்டுகளைச் சேர்க்கிறான்; வினவிய பெற்றோரிடம், தான் வளர்ந்தபின் அவர்கள் உண்பதற்குத் தொட்டி செய்வதாகக் கூறுகிறான். அழுத பெற்றோர் முதியவரை மீண்டும் தம்முடன் அமர்த்துகின்றனர். அதன்பின் அவர் சிந்தினாலும் ஒன்றும் கூறுவதில்லை.

இங்குச் சிறுவன் எவரையும் கண்டிக்கவில்லை. தான் கண்டதையே குடும்ப வழக்கமாகக் கொள்கிறான். திருந்துவோர் பெரியவர்களே, அவர்தம் பரிவும் சொல்லாக அன்றிப் பொறுமையாகவே வெளிப்படுகிறது. ரஷ்யச் சிறார்க்காக இக்கதையை மறுகூறிய டால்ஸ்டாயும் இவ்வமைப்பைப் பேணியுள்ளார்.

‘முதியோரைப் பேணுக’ என்னும் நீதியை இறுதியில் சேர்ப்பின் கதையின் நோக்குநிலை திரிகிறது. தவறிழைத்த பெற்றோர் விடுபட, தவறிழைக்காத குழந்தையே அறிவுரைக்கு உரியதாகிறது. சிறார் பாடநூல் தொகுப்போர் கருதத்தக்க வேறுபாடு இது.