விடை ஒப்பிடுதலின் பயனும் பயனின்மையும்

பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும் மாணவன் தன் தோழனிடம் முதலிற் கேட்பது, "பதினேழாவதுக்கு என்னடா போட்டனி?" என்பதே. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உயர்தர உயிரியற் பரீட்சை எழுதிய பிள்ளைகள், பஸ் வரும்வரை வேம்பு நிழலில் நின்று இவ்வாறே விடைகளை ஒப்பிடுவர். இது தீய பழக்கமெனப் பெற்றோர் பலர் கடிந்துகொள்கின்றனர். முற்றாகத் தீயதன்று, எதனை ஒப்பிடுகிறோம், எப்போது ஒப்பிடுகிறோம் என்பதே கேள்வி.

உயிரியலின் முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்கள் உள. காலம் இரண்டு மணித்தியாலம். இவற்றுள் 41 முதல் 50 வரையுள்ளவை ஒரு தனிவகை. ஐந்து கூற்றுகள் தரப்படும். ஏ, பீ, டீ ஆகியன சரியாயின் விடை 1. ஏ, சீ, டீ எனின் 2. ஏ, பீ மட்டுமெனின் 3. சீ, டீ மட்டுமெனின் 4. வேறெந்தச் சேர்க்கையாயினும் 5. ஒருவன் பீ, ஈ எனக் கருதி 5 என்கிறான். மற்றவன் சீ மட்டுமே சரியெனக் கருதி அவனும் 5 என்கிறான். வெளியே வந்து, "உனக்கும் ஐந்தா, எனக்கும் ஐந்துதான்" என்று இருவரும் மகிழ்கின்றனர். இலக்கம் ஒன்றுபட்டதேயன்றி அறிவு ஒன்றுபடவில்லை. நாடிகள் யாவும் ஒட்சிசன் மிகுந்த குருதியையே கொண்டுசெல்லும் என்று ஒருவன் நம்பியிருக்கக்கூடும். இதயத்திலிருந்து சுவாசப்பைக்குச் செல்லும் நாடியை அவன் மறந்துவிட்டான். அந்தத் தவறான நம்பிக்கை இவ்வினாவிலே தப்பிப் பிழைத்தாலும், அமைப்புக் கட்டுரை வினாவிலோ கட்டுரை வினாவிலோ அவனைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இலக்கத்தை விட்டுக் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, "இதை ஏன் சரியென்றாய்?" என்று கேட்பதே ஒப்பீடு. ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலம் நிலவிய வன்னிப் பகுதியில், அத்தகைய தோழன் பாதி ஆசிரியனுக்குச் சமம்.

கட்டுரை வினாக்களிலோ நிலைமை வேறு. "நான் ஆறு பக்கம் எழுதினேன், நீ?" என்ற கேள்வியாற் பயனில்லை. புள்ளி வழங்குவோர் பக்கத்தை எண்ணுவதில்லை. புள்ளித்திட்டத்திற் குறித்த கருத்துகளையே தேடுவர்.

இனி, விடைகளை எண்ணி, "எனக்கு 38 சரி" என்று கணக்கிடுவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. பல்கலைக்கழக அனுமதி 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் இசட் புள்ளி கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, வரும் எண்ணை நியம விலகலால் வகுப்பர்; மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் பெறுமானம். ஓர் உதாரணம் கொள்வோம். இடை 50, நியம விலகல் 15 ஆயின், 65 புள்ளி பெற்றவனுக்குக் கிடைப்பது 1. இடை 35 ஆக இறங்கி விலகல் அவ்வாறே இருப்பின், வெறும் 50 பெற்றவனுக்கும் அதே 1 கிடைக்கும். வினாப்பத்திரம் கடினமாயிருந்ததென்று அழுதவள் உண்மையில் எதனையும் இழக்காமல் இருக்கலாம். நாடெங்கும் எழுதியவர்களின் இடையை வேம்பு நிழலில் நிற்கும் நால்வர் எங்ஙனம் அறிவர்?

மருத்துவம் முதலிய கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை விகிதத்திற்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வன்னியின் அம்மூன்று மாவட்டங்களும் இறுதி வகையிலும் அடங்கும். ஆதலின் பக்கத்து வாங்கில் இருந்து எழுதிய தோழியே மாவட்ட இடத்துக்கு நேர்ப் போட்டியாளராகவும் அமைகிறாள். அவள் விடை கேட்டு மனம் பதைப்பது இதனாலேதான். அந்தப் பதைப்பை ஒளிப்பதில் பொருளில்லை.

காலத்தைப் பற்றி என் கருத்து இது. ஒரு பத்திரம் முடிந்து மற்றது எஞ்சியிருக்கையில் ஒப்பிடவே வேண்டாம். தாளைத் திருப்பி வாங்க இயலாது, இரவுத் தூக்கமோ கெடும். உயிரியல் முடிந்தாலும் இரசாயனமும் பௌதிகமும் காத்திருக்கும். எல்லாம் முடிந்தபின், பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆசிரியர் ஒருவரையும் உடனிருத்தி, மறுமுறை எழுத எண்ணுவோர் ஆறுதலாகப் பார்க்கலாம். பெற்றோர் அன்று மாலை பிள்ளையிடம், "எத்தனை சரி?" என்று கேளாது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பாராக.