எழும்பூர் நிலையத்தை வரைந்தவர்

உத்தரமேரூர்ச் சுந்தரவரதப் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று நிலைகளில் எழுந்தருளியிருக்கும் விமானத்தை வகுத்தவன் பரமேச்சுவரன் என்னும் பெருந்தச்சன் என்று எங்கள் ஊரார் பெருமையுடன் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் இங்கிருந்து பஸ் ஏறிச் செங்கற்பட்டு சென்று, அங்கிருந்து ரயிலில் எழும்பூரில் வந்திறங்கும் பிரயாணிகளுள், அந்நிலையத்தின் செந்நிற முகப்பையும் குவிமாடத்தையும் வரைந்தளித்த ஹென்றி இர்வின் என்பாரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

1841-ல் பிறந்த இர்வின், சிம்லாவில் 1888-ல் வைஸ்ராய் மாளிகையைக் கட்டி முடித்தபின் சென்னைக்கு வந்து, ராஜதானி அரசாங்கத்தின் ஆலோசகக் கட்டடக் கலைஞராக உத்தியோகம் ஏற்றார். சிம்லாவில் முற்றிலும் ஆங்கிலேய பாணியில் கட்டியவர், இங்கு வந்ததும் இந்நாட்டுச் சிற்ப மரபுகளையும் முகலாயரின் வளைவுகளையும் மேனாட்டுத் திட்டங்களோடு இணைக்கும் இந்தோ-சாரசெனிக் வழியில் முழுமையாக ஈடுபட்டார். முதலில் பிராசிங்டன் என்பவர் வரைந்திருந்த உயர்நீதிமன்றத் திட்டத்தைத் திருத்தி அவர் உருவாக்கிய மாளிகை 1892-ல் திறக்கப்பட்டது. 1894 முதல் 1977 வரை அதன் உச்சிக் கோபுரமே கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் ஒளி வீசியது. 1896-ல் கன்னிமரா நூலகம், அடுத்த ஆண்டில் பாங்க் ஆப் மெட்ராஸ், அதன்பின் சட்டக் கல்லூரி என்று நிர்மாணங்கள் தொடர்ந்தன.

ஆயினும் அவருடைய சிருஷ்டிகளுள் மனத்தை அதிகமாகக் கவர்வது, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1909-ல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபமே. அக்பர் சக்கரவர்த்தி பதேபூர் சிக்ரியில் எழுப்பிய நுழைவாயிலின் கம்பீரத்தை மனத்தில் கொண்டு, சத்தியவேட்டிலிருந்து கொணர்ந்த இளஞ்சிவப்பு மணற்கல்லால் அதை அமைத்தார்கள். மாலை வெயில் படும்போது அக்கல் மெல்லக் கனிந்து நிறம் மாறுவதைப் பார்த்து நின்றவர், அது ராணியின் நினைவாக எழுந்தது என்பதைக்கூட மறந்துபோவர். அதைக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். காகிதத்திலிருந்த கோடுகளைக் கல்லாகவும் செங்கல்லாகவும் நிற்கச் செய்த அவரையும் அவரிடம் வேலை செய்த கொத்தர்களையும் விடுத்து, வரைந்தவரை மட்டும் போற்றுவது நியாயமாகாது. பேர்ட் என்பவருடன் சேர்ந்து இர்வின் உருவாக்கிய எழும்பூர் நிலையத்தை நிர்மாணித்தவர் பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. 1905-ல் தொடங்கிய அப்பணி ஏறக்குறைய 17 லட்சம் ரூபாய்ச் செலவில் முடிந்து, 1908 ஜூன் 11-ல் நிலையம் திறக்கப்பட்டது.

இவற்றுக்கிடையே மைசூரிலிருந்தும் அழைப்பு வந்தது. 1897-ல் அரச குடும்பத்துத் திருமணத்தின்போது மரத்தாலான பழைய அரண்மனை தீக்கிரையாகவே, புதியதை அமைக்கும் பொறுப்பை மகாராணி இவரிடம் ஒப்படைத்தார். நெருப்பின் அச்சம் இன்னும் நீங்காதிருந்த அந்த அரசகுடும்பத்திற்கு இர்வின் கருங்கல்லாலும் இரும்பாலும் அபயமளித்தார். கல்யாண மண்டபத்தைத் தாங்கும் தூண்கள் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கடல் கடந்து வந்தன. அரண்மனை நிறைவெய்திய 1912-ல் அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.