உங்களுக்குத் தெரியுமா? கணவனுக்கே ஜீவனாம்சம்!

1939-இல் வெளியான ‘தியாகபூமி’ படத்தில், மனைவியைக் கைவிட்ட கணவன், அவள் செல்வந்தரானதும் ‘என்னோடு வாழ வேண்டும்’ என்று வழக்குப் போடுவான். நாயகி சாவித்திரி அசையமாட்டாள். ‘வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன்’ என்று நீதிமன்றத்திலேயே சொல்லிவிடுவாள்!

● விவாகரத்துக்கு வழிசெய்த இந்து திருமணச் சட்டம் வந்தது அதற்கு 16 ஆண்டுகள் கழித்து, 1955-இல்தான்.

● கதை கல்கி, இயக்கம் கே.சுப்ரமணியம்; சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலட்சுமி, அவள் தந்தை சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன்.

● படத்தின் ஸ்டில்களோடு ‘ஆனந்த விகட’னில் இது தொடர்கதையாகவும் வந்தது.

● கணவனை உதறிய சாவித்திரி, கதர் உடுத்தி விடுதலைப் போராட்டத்தில் இறங்குவாள். அந்தத் தேசியக் குரலுக்காகப் படத்தைப் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது.